வல்லூறு வளர்த்த பையன்

இணையத்தில் ‘டேவிட் பிராட்லி’ என்று தேடினால் முதலில் வருபவர் ஒரு கிழவர். ஹாரி பாட்டர் படங்களில் பூனையோடு ஹாக்வர்ட்ஸ் தாழ்வாரங்களில் அலையும் ஆர்கஸ் ஃபில்ச் அவர்தான். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் விருந்துக்குக் கூப்பிட்டுக் கொலை செய்யும் வால்டர் ஃப்ரேயும் அவர்தான். நான் தேடியது அவரை இல்லை. 1969இல் வந்த ‘கெஸ்’ என்ற படத்தில் ஒரு வல்லூற்றைக் கையில் ஏந்தி நிற்கும் பதினான்கு வயதுப் பையனைத் தேடினேன். அவன் பெயரும் டேவிட் பிராட்லிதான். ஆனால் பிரிட்டிஷ் நடிகர் சங்கமான ஈக்விட்டியில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்க முடியாது. அந்தப் பெயரை ஏற்கெனவே இன்னொருவர் வைத்திருந்ததால் பையன் ‘டை பிராட்லி’ ஆனான். டேவிட் என்பதை வேல்ஸ்காரர்கள் சுருக்கிக் கூப்பிடுவது ‘டை’. இவனோ யார்க்‌ஷர்க்காரன்.

ஒரே ஒரு படத்தால் நினைவில் நிற்கிற நடிகர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களைப் பற்றி எழுதும்போது வழக்கமாக வருவது பரிதாபம்: சின்ன வயதில் புகழ், அப்புறம் வீழ்ச்சி. டேவிட் பிராட்லியின் கதையை அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அப்படிச் சொன்னால் அந்தப் படத்தையே தப்பாகப் புரிந்துகொண்டதாக ஆகிவிடும்.

‘கெஸ்’ படத்தை நான் முதலில் பார்த்தது பல்கலைக்கழக விடுதியில், அறை நண்பனின் மடிக்கணினியில். வசன வரிகள் இல்லாத பிரதி. நாங்கள் இரண்டு பேருமே மூவெட் தேர்வில் நல்ல பேண்டு வாங்கியவர்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே பிடிபடவில்லை. “டேய், இது இங்கிலீஷ்தானா?” என்று நண்பன் கேட்டான். பாதியில் அவன் தூங்கப் போய்விட்டான். நான் கடைசிவரை பார்த்தேன். சொற்கள் புரியாமலேயே அந்தப் பையனின் முகம் புரிந்தது.

*

கதை சின்னது. யார்க்‌ஷர் வட்டாரத்தில் பார்ன்ஸ்லி என்ற நிலக்கரிச் சுரங்க நகரம். பில்லி காஸ்பர் பள்ளியை விட்டு வெளியேற இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு அவள் வாழ்க்கையே பெரும்பாடு. அண்ணன் ஜட் சுரங்கத் தொழிலாளி, முரடன். அண்ணனும் தம்பியும் ஒரே கட்டிலில் படுக்கிறார்கள். பில்லி காலையில் வீடு வீடாகப் பத்திரிகை போடுகிறான், கடையில் சில்லறைத் திருட்டு செய்கிறான், வகுப்பில் தூங்கி விழுகிறான். ஒருநாள் பழைய சுவரொன்றின் பொந்திலிருந்து ஒரு கெஸ்ட்ரல் குஞ்சை எடுத்து வருகிறான்.

கெஸ்ட்ரல் என்பது சின்ன வல்லூறு. காற்றை எதிர்த்துச் சிறகடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும். உடல் ஆடினாலும் தலை ஆடாது. அதைப் பழக்குவது எப்படி என்று தெரிந்துகொள்ள பில்லி நூலகத்துக்குப் போகிறான். அவன் உறுப்பினன் இல்லை, படிவத்தில் பெரியவர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். நேராகப் புத்தகக் கடைக்குப் போய் ஒரு புத்தகத்தைத் திருடி வருகிறான். படிப்பு வராதவன் என்று பள்ளி முத்திரை குத்திய பையன், திருடிய புத்தகத்தை வரி வரியாகப் படித்துப் பறவையைப் பழக்குகிறான்.

கடைசியில் அண்ணன் குதிரைப் பந்தயத்தில் கட்டச் சொல்லிக் கொடுத்த காசை பில்லி கட்டாமல் செலவழித்துவிடுகிறான். அந்தக் குதிரைகள் ஜெயித்துவிடுகின்றன. கிட்டத்தட்ட 10 பவுண்டு போன கோபத்தில் ஜட் பறவையைக் கொன்று குப்பைத் தொட்டியில் போடுகிறான். பில்லி அதை எடுத்துப் புதைக்கிறான். படம் முடிந்துவிடுகிறது. ஆறுதல் சொல்ல யாரும் வருவதில்லை.

இதன் உரிமையை டிஸ்னி நிறுவனம் கேட்டதாகவும், பறவை பிழைக்கிற மாதிரி முடிவை மாற்றச் சொன்னதாகவும், எழுத்தாளர் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். மாற்றியிருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது.

*

அந்த எழுத்தாளர் பாரி ஹைன்ஸ். ‘ஏ கெஸ்ட்ரல் ஃபார் எ நேவ்’ என்ற அவருடைய நாவல் 1968இல் வந்தது. வேட்டைப் பறவைகளில் எது யாருக்கு உரியது என்று வரிசைப்படுத்தும் இடைக்காலப் பட்டியல் ஒன்று உண்டு. கழுகு பேரரசனுக்கு என்று தொடங்கி, கீழே கீழே இறங்கி, கெஸ்ட்ரல் ஏவலாளுக்கு என்று முடியும். தலைப்பு அங்கிருந்து வந்தது. பறவைகளுக்குக்கூடச் சாதி பிரித்த பட்டியல் அது.

அந்தக் காலத்து இங்கிலாந்து பள்ளிப் பிள்ளைகளையும் இப்படித்தான் பிரித்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பதினொரு வயதில் எழுதும் ‘லெவன் பிளஸ்’ தேர்வு பிள்ளையின் தலைவிதியை எழுதியது. தேறியவர்கள் கிராமர் பள்ளிக்குப் போனார்கள்; அங்கிருந்து பல்கலைக்கழகம், அலுவலக வேலை. தேறாதவர்கள் செகண்டரி மாடர்ன் பள்ளிக்குப் போனார்கள். அங்கிருந்து பதினைந்து வயதில் வெளியே. பார்ன்ஸ்லியில் ‘வெளியே’ என்றால் ஆண்பிள்ளைக்குப் பெரும்பாலும் பூமிக்கு அடியில் என்று அர்த்தம்.

ஹைன்ஸ் வீட்டிலேயே இது நடந்தது. அண்ணன் பாரி லெவன் பிளஸ் தேறி கிராமர் பள்ளிக்குப் போனார். தம்பி ரிச்சர்ட் தேறவில்லை, செகண்டரி மாடர்னுக்குப் போனார். ரிச்சர்டுக்குப் பள்ளி கசந்தது. அவர் டாங்கர்ஸ்லியில் ஒரு பழைய மாளிகையின் இடிபாட்டிலிருந்து கெஸ்ட்ரல் எடுத்து வளர்த்தார், புத்தகம் பார்த்துப் பழக்கினார். அண்ணன் அதைப் பார்த்து நாவல் எழுதினார். தேறியவர் எழுதினார், தேறாதவர் வாழ்ந்தார். படம் எடுக்கும்போது பறவைகளைப் பழக்கிக் கொடுக்கவும் ரிச்சர்டைத்தான் கூப்பிட்டார்கள். பல வருஷங்கள் கழித்து, 2016இல், ரிச்சர்ட் தன் பங்குக்குத் தன் வல்லூறுகளைப் பற்றி ஒரு நினைவுநூல் எழுதினார். பாரி ஹைன்ஸ் இறந்ததும் அதே ஆண்டுதான்.

நானும் தேர்வுகளால் சலிக்கப்பட்டு மேலே வந்தவன். எங்கள் இடைநிலைப்பள்ளியில் ‘கடைசி வகுப்பு’ என்றாலே எல்லாருக்கும் தெரியும். அங்கே யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று நான் ஒருநாள்கூட கேட்டதில்லை. ஹைன்ஸ் சகோதரர்களைப் பற்றிப் படித்தபோதுதான் அது உறுத்தியது.

*

இயக்குநர் கென் லோச் அப்போது பிபிசியில் ‘கேத்தி கம் ஹோம்’ எடுத்துப் பெயர் வாங்கியிருந்தார். தயாரிப்பாளர் டோனி கார்னெட். பணம் போட வந்த ஒரு அமெரிக்க நிறுவனம் பின்வாங்கிவிட, இயக்குநர் டோனி ரிச்சர்ட்சனின் உதவியால் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் பணம் கொடுத்தது. படத்தின் செலவு சுமார் 157,000 பவுண்டு. 1968 கோடையில் பார்ன்ஸ்லியிலேயே படப்பிடிப்பு நடந்தது.

பில்லிக்கு ஆள் தேடி லண்டனுக்குப் போகவில்லை. ஹைன்ஸ் பாடம் நடத்திய செயின்ட் ஹெலன்ஸ் என்ற பள்ளியிலேயே பையன்களைப் பார்த்தார்கள். டேவிட் பிராட்லி அங்கே படித்தவன். சுரங்கத் தொழிலாளியின் மகன். ஒல்லி உடம்பு, கூர்மையான முகம், எப்போதும் எங்கிருந்தோ அடி விழப்போகிறது என்று எதிர்பார்க்கிற மாதிரியான தோள்கள். அவன் படித்த பள்ளியே படத்தில் பில்லியின் பள்ளி.

மற்றவர்களும் அப்படியே. உடற்கல்வி ஆசிரியர் சக்டனாக வரும் பிரையன் குளோவர் உண்மையிலேயே பார்ன்ஸ்லியில் ஆசிரியர். வார இறுதிகளில் ‘லியோன் ஆராஸ்’ என்ற பெயரில் மல்யுத்தம் செய்தவர். அந்தக் கால்பந்துக் காட்சியை யாராலும் மறக்க முடியாது. தன்னை பாபி சார்ல்டனாக நினைத்துக்கொண்டு, நடுவராகவும் தானே இருந்துகொண்டு, சின்னப் பையன்களைத் தள்ளிவிட்டுக் கோல் போடுகிற ஆசிரியர்! விழுந்து விழுந்து சிரிப்போம். ஆட்டம் முடிந்ததும் தோல்விக்குப் பழி வாங்க பில்லியைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தும்போது சிரிப்பு அப்படியே உறைந்துவிடும். ஹைன்ஸும் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் தொழிலைத் தானே கிண்டல் செய்திருக்கிறார்.

மூன்று கெஸ்ட்ரல்களைப் பழக்கினார்கள். அவற்றுக்கு ஃப்ரீமேன், ஹார்டி, வில்லிஸ் என்று பெயர். அது அப்போது ஊருக்கு ஊர் இருந்த செருப்புக்கடையின் பெயர். ரிச்சர்ட் சொல்லிக் கொடுக்க, டேவிட் தானே கற்றுக்கொண்டான். முதலில் கையுறையில் உட்கார வைத்து இறைச்சித் துண்டு ஊட்ட வேண்டும். அப்புறம் காலில் நீளக் கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்திலிருந்து கூப்பிட வேண்டும். பிறகு ஒருநாள் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். படத்தில் பறவை பறந்து வந்து அவன் கையில் இறங்கும்போது அவன் முகத்தில் தெரியும் கவனம் நடிப்பு இல்லை. அங்கே அவன் உண்மையிலேயே ஒரு வேலை தெரிந்தவன்.

ஒளிப்பதிவாளர் கிறிஸ் மெங்கஸ் கேமராவைத் தூரத்தில் வைத்து, இயற்கை வெளிச்சத்தில் எடுத்தார். அறுபதுகளின் செக் படங்கள் லோச்சுக்கும் அவருக்கும் பிடித்தமானவை. மனிதர்களின் முகத்துக்கு நேராகப் போய் நிற்காமல், ஒதுங்கி நின்று பார்க்கிற கேமரா அது.

*

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

படத்தில் தலைமையாசிரியர் அறையில் பையன்களுக்குப் பிரம்படி விழும் காட்சி உண்டு. ஒரு தகவல் சொல்ல வந்த சின்னப் பையனையும், அவன் சொல்ல வருவதைக் கேட்காமலேயே, வரிசையில் நிறுத்தி அடித்துவிடுவார்கள். அந்த அடி நிஜம். அந்தச் சின்னப் பையனின் கண்ணீர் நிஜம். பறவை சாகும் காட்சிக்காக, பழக்கிய மூன்றில் ஒன்றைக் கொல்லப்போகிறார்கள் என்று டேவிட்டை நம்பவிட்டார்கள். உண்மையில் பயன்படுத்தியது ஏற்கெனவே இறந்துபோன வேறொரு பறவையை. குப்பைத் தொட்டிக்குள் கைவிடும்போது அவனுக்கு அது தெரியாது.

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிரம்படியைத் தடுக்கும் சட்டம் 1986இல்தான் வந்தது. ஆகவே 1968இல் அந்தப் பையன்களுக்கு அடி புதுசில்லை. ஆனால் அது நியாயமாகுமா? பையன்களை அடிக்கும் பள்ளியைக் கண்டிக்கிற படம், அதைக் காட்டுவதற்காகப் பையன்களை அடித்திருக்கிறது. லோச் என் மதிப்புக்குரிய இயக்குநர். ஆனாலும் யதார்த்தவாதம் என்ற பெயரில் யாருடைய வலியைப் பயன்படுத்துகிறோம் என்ற கேள்வியிலிருந்து அவரை விட்டுவிட முடியாது. டேவிட்டின் முகத்தில் நாம் ரசிக்கும் ‘உண்மை’யில் ஒரு பகுதி அவன் தெரிந்தே கொடுத்தது, இன்னொரு பகுதி அவனுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது. நான் படத்தைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் இரண்டையும் பிரித்துப் பார்க்க முயல்கிறேன். முடிவதில்லை.

*

படம் முடிந்ததும் வந்த சிக்கல் பேச்சு. ஹைன்ஸின் மனிதர்கள் பார்ன்ஸ்லியின் வட்டார மொழியில் பேசுகிறார்கள். மற்ற ஊர் ஆங்கிலத்தில் வழக்கொழிந்த பழைய ‘நீ’ அங்கே இன்னும் புழக்கத்தில் இருந்தது. படத்தைப் பார்த்த ஒரு அமெரிக்க நிறுவன அதிகாரி, இதைவிட ஹங்கேரிய மொழி எனக்குப் புரிந்திருக்கும் என்று சொன்னதாக ஒரு கதை பிரபலம். வெளிநாட்டுக்கென்று சில பகுதிகளின் குரலை மாற்றிப் பதிவு செய்தார்கள். லண்டன் திரைப்பட விழாவில் 1969 நவம்பரில் காட்டிய பிறகும் விநியோகஸ்தர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. 1970இல் பொது வெளியீடு லண்டனில் இல்லாமல் வடக்கில் தொடங்கியது. அங்கே மக்கள் திரண்டார்கள். தங்கள் பேச்சைத் திரையில் முதல்முறையாக அப்படியே கேட்டிருப்பார்கள்.

பேச்சுமொழியில் எழுதினால் இலக்கியமா என்று நாம் இன்னும் சண்டை போடுகிறோம். பார்ன்ஸ்லி மொழியைச் சீர்படுத்தியிருந்தால் பில்லி கிராமர் பள்ளிப் பையனாகிவிடுவான். அவன் யாரென்பது அவன் பேச்சில்தான் இருக்கிறது. எனக்கும் நண்பனுக்கும் புரியாமல் போனது படத்தின் குறை இல்லை.

1970இல் கார்லோவி வாரி விழாவில் படம் முதல் பரிசு வாங்கியது. 1971 பாஃப்டா விருதுகளில் டேவிட் பிராட்லிக்கு நம்பிக்கை தரும் புதுமுக நடிகர் விருது. பில்லியிடம் அன்பாகப் பேசும் ஆசிரியர் ஃபார்த்திங்காக நடித்த காலின் வெலண்டுக்குத் துணை நடிகர் விருது. வெலண்டும் ஓவிய ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ எழுதி ஆஸ்கர் வாங்கினார். 1999இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அந்த நூற்றாண்டின் சிறந்த பிரிட்டிஷ் படங்களைத் தேர்ந்தெடுத்தபோது ‘கெஸ்’ ஏழாவது இடத்தில் இருந்தது.

பிராட்லி நடிப்பிலேயே தொடர்ந்தார். மேடையில் ‘ஈக்வஸ்’ நாடகத்தில் நடித்தார். அதுவும் ஒரு பையனுக்கும் விலங்குகளுக்கும் உள்ள உறவைப் பற்றியது. ஆனால் அங்கே குதிரைகள், அங்கே பித்து. ‘மலாகைஸ் கோவ்’, ரிச்சர்ட் பர்ட்டனுடன் ‘அப்சல்யூஷன்’, பிறகு 1979இல் ‘ஸூலு டான்’, அதே ஆண்டு தொலைக்காட்சிக்காக எடுத்த ‘ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’. பிறகு வாய்ப்புகள் மெலிந்தன. பில்லி அளவுக்குப் பெரிய வேடம் திரையில் மறுபடி அமையவில்லை.

ஏன்? திறமை இல்லை என்பது எளிய பதில். நான் அதை நம்பவில்லை. இந்த ஊரில், இந்த வகுப்பில், இந்தப் பேச்சில் பிறந்த ஒருவன் கதையின் நடுவில் நிற்கும் படங்கள் பிரிட்டனில் எத்தனை வந்தன? ‘ஸூலு டான்’ போன்ற படங்களில் அப்படிப்பட்ட பையனுக்குச் சிப்பாய் வேடம்தான் கிடைக்கும். பள்ளி அவனைச் சுரங்கத்துக்கென்று ஒதுக்கியது என்றால், சினிமா அவனைக் கூட்டத்தில் ஒருவனாக ஒதுக்கியது. அதுவும் ஒரு பட்டியல்தான்: கழுகு ஒருவருக்கு, கெஸ்ட்ரல் இன்னொருவருக்கு.

ஆனால் பரிதாபம் வேண்டாம் என்றேன். பில்லி எதற்காகச் சுரங்கத்துக்குப் போக மறுத்தானோ, அதையே டேவிட் செய்து காட்டினார். அவர் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. அந்தச் சுரங்கங்களே 1984-85 வேலைநிறுத்தத் தோல்விக்குப் பின் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பில்லியின் தலைவிதி என்று ஊர் நினைத்த வேலையே இன்று அங்கே இல்லை. பில்லி இருக்கிறான், பார்ன்ஸ்லி நகர மையத்தில் பறவையோடு அவனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

*

நாவலில் ஒரு இடம் உண்டு, படத்தில் இல்லை. ஃபார்த்திங் வகுப்பில் நம்பமுடியாத பெரிய பொய்க்கதை ஒன்று எழுதச் சொல்கிறார். பில்லி எழுதுவது: காலையில் படுக்கைக்கே சாப்பாடு வருகிறது, அப்பா திரும்பி வந்துவிடுகிறார், அண்ணன் பட்டாளத்துக்குப் போய்விடுகிறான், ஆசிரியர்கள் அன்பாக இருக்கிறார்கள். அவ்வளவுதான். மற்றவர்களின் சாதாரண நாள், அவனுக்குப் பொய்க்கதை. நாவலின் முடிவில் அவன் பாழடைந்த ஒரு சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்து, அப்பாவோடு படம் பார்த்ததை நினைத்துக்கொள்கிறான். லோச் அதையும் விட்டுவிட்டார். சினிமா கொடுக்கும் ஆறுதலைச் சினிமாவிலேயே காட்ட அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

படம் வைத்துக்கொண்டது வேறொரு வகுப்பறைக் காட்சியை. உனக்குத் தெரிந்த உண்மை எதையாவது சொல் என்று ஃபார்த்திங் பில்லியை எழுப்புகிறார். அவன் முழிக்கிறான். “அவனுக்கு வல்லூறைப் பத்தித்தான் தெரியும் சார்” என்கிற மாதிரி யாரோ எடுத்துக் கொடுக்கிறார்கள். தயங்கித் தயங்கித் தொடங்குகிறான். பறவையின் காலில் கட்டும் தோல்வாரின் பெயரைச் சொல்கிறான். ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதச் சொல்கிறார். எழுதுகிறான். பிறகு கயிறில்லாமல் முதல்முறை பறக்கவிட்ட நாளைச் சொல்லத் தொடங்குகிறான். கைகள் தானாக எழுகின்றன. குரல் நிமிர்கிறது. கிண்டலடிக்கும் வகுப்பு முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்கிறது. அந்த அறையில் அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன். ஆசிரியருக்குக்கூடத் தெரியாது.

இதில் பில்லி எங்கே முடிகிறான், டேவிட் எங்கே தொடங்குகிறான் என்று சொல்ல முடியாது. சுரங்கத் தொழிலாளியின் மகன் ஒருவனிடம் யாரோ ஒருமுறை “உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டிருக்கிறார்கள். அவன் பதில் சொல்லியிருக்கிறான். அந்தப் பதிலுக்கு அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. எங்கள் கடைசி வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.